தோற்றால் மட்டும் தளபதியா?

விடுதலைப் புலிகள் ஈழப் போரில் ஏன் தோற்றார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை சேலம் அஸ்தம்பட்டியில் நடந்த கூட்டத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. பேச்சாளர் திரையில் இலங்கையின் வடக்கே உள்ள வன்னியின் வரைபடத்தைப் போட்டு, லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளியைப் புதுக்குடியிருப்புக்கு அருகே நிறுத்தி, "ஆனந்தபுரத்தில் தளபதிகள் போய்ச் சிக்கினார்கள், எல்லாம் அங்கேயே முடிந்தது" என்றதும் அரங்கம் கைதட்டியதே, அந்தக் கைதட்டல்தான் மூன்று நாளாக என் காதிலேயே நிற்கிறது.

2009 ஏப்ரல் முதல் வாரத்தில் ஆனந்தபுரத்தில் இராணுவம் போட்ட முற்றுகைக்குள் புலித் தளபதிகள் தீபனும் விதுஷாவும் துர்க்காவும் இன்னும் எத்தனையோ பேரும் மாண்டார்கள். களத்தில் அவர்கள் தவறே செய்யவில்லை என்று சொல்ல நான் படைத்துறை அறிஞன் அல்லன். ஆனால் 2004 மார்ச்சில் கிழக்குத் தளபதி கருணா பிரிந்து கிழக்கு கைவிட்டுப் போனபோதும், 2005 நவம்பரில் இலங்கை அதிபர் தேர்தலைத் தமிழர்கள் புறக்கணிக்கும்படி செய்யப்பட்டு ராஜபக்ச ஏறத்தாழ 1,80,000 வாக்கு வித்தியாசத்தில் வந்து உட்கார்ந்தபோதும், 2007-இல் புலிகளின் ஆயுதக் கப்பல்கள் ஒவ்வொன்றாக நடுக்கடலில் மூழ்கியபோதும், இவற்றுள் எது தீபனைக் கேட்டு நடந்தது? 2009 ஜனவரி 2 அன்று புலிகளின் தலைநகர்போல் இருந்த கிளிநொச்சியும் போன பிறகு, சுருங்கிக்கொண்டே வந்த நிலத்தை நின்று காப்பது என்ற முடிவு எங்கிருந்து வந்தது? முடிவெடுத்தவரை விட்டுவிட்டு, அதை ஏற்றுப் போய்ச் செத்தவரிடம் கணக்குக் கேட்கிறோம்.

2000 ஏப்ரலில் ஆனையிறவு இராணுவத் தளம் புலிகளிடம் வீழ்ந்ததை நினைத்துப் பாருங்கள். குடாரப்பில் தரையிறங்கி எதிரியின் முதுகுப் பக்கம் போய் நின்றவர் தளபதி பால்ராஜ். ஆனால் சேலம் சுவர்களில் நான் பார்த்த சுவரொட்டிகளில் பால்ராஜின் முகம் இல்லை. தலைமையின் மதிநுட்பம் மட்டுமே பெரிய எழுத்தில் இருந்தது. வென்றால் தலைமை, தோற்றால் தளபதி. ஞாயிறன்று பேசியவரும் முதல் அரை மணி நேரம் ஆனையிறவைத் தலைமையின் கணக்கில் எழுதிவிட்டு, அடுத்த அரை மணி நேரத்தில் ஆனந்தபுரத்தைத் தளபதிகளின் கணக்கில் எழுதினார். (வென்ற பக்கத்திலும் இது ஒன்றும் மேலாக இல்லை. இராணுவத் தளபதியாகப் போரை நடத்திய சரத் பொன்சேகாவை 2010 பிப்ரவரியில் அவருடைய அரசே கைது செய்தது.)

"ஈழத்தைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி?" என்பீர்கள். தகுதி எதுவுமில்லை. நான் சேலம் மாவட்டத்துக் கொளத்தூர்க்காரன், அவ்வளவுதான். 1980-களின் நடுவில் பொன்னம்மான் பொறுப்பில் எங்கள் ஊர்ப்பக்கம் புலிகளின் பயிற்சி முகாம் நடந்தபோது நான் பள்ளிச் சிறுவன். என் அப்பாவின் மளிகைக் கடைக்குச் சைக்கிளில் வரும் ஒரு பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பச்சரிசியும் வெல்லமும் வாங்கிவிட்டு, அப்பா சும்மா கொடுத்த கடலை மிட்டாய்க்கும், "வேண்டாம் அண்ணை, கணக்கில எழுதுங்கோ" என்பான். பெயர் கேட்டால் சிரிப்பான். பின்னாளில் அவன் எங்கே நின்றான், யாருடைய உத்தரவில் நின்றான் என்று எங்களுக்குத் தெரியாது. அந்தச் சிவப்புப் புள்ளி வரைபடத்தில் ஆடியபோது எனக்கு அவன் கடலை மிட்டாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதுதான் நினைவுக்கு வந்தது.

"கருணாவின் துரோகத்தை ஏன் சொல்லவில்லை?" சொல்கிறேன். அவர் போனது பேரிழப்பு. அதன் பிறகு அவர் நின்ற இடமும் ஊரறிந்தது. ஆனால் ஒரு முழு மாகாணத்தின் படையை ஒரே மனிதரின் கையில் கொடுத்து வைத்ததும், வடக்கில் இருப்பவர்கள் கிழக்கைப் புறக்கணிக்கிறார்கள் என்ற புகைச்சல் வெடிக்கும்வரை அதைக் கேளாமல் இருந்ததும் யார்? துரோகம் என்ற ஒரு சொல் கிடைத்துவிட்டால் வேறெந்தக் கேள்விக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது எவ்வளவு வசதி! "இந்தியா?" என்றால், ஆமாம், இந்தியாவும்தான், அதைத்தான் எல்லா மேடையிலும் பேசுகிறீர்களே.

நான் இலங்கை இராணுவத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று ஒரு தம்பி நேற்று எழுதியிருந்தார். இறுதி மாதங்களில் 40,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்றும், பெரும்பாலானோர் அரசுப் படையின் எறிகணைகளால் இறந்தனர் என்றும் ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் சொன்னது. மக்களை வெளியேற விடாமல் புலிகள் தடுத்தார்கள், தப்ப முயன்றவர்களைச் சுட்டார்கள் என்றும் அதே அறிக்கைதான் சொன்னது. முதல் பாதியை மனப்பாடமாக ஒப்பிக்கும் நாம் இரண்டாவது பாதிக்கு வரும்போது தொண்டையைக் கனைத்துக்கொள்கிறோம். அந்த உத்தரவுக்கும் ஏதோ ஒரு களத்தளபதிதான் பொறுப்பா, ஐயா?

நம்மையும் விட்டுவிட முடியாது. 2009 மே 13 அன்று நாடாளுமன்றத் தேர்தலில் நான் சேலத்தில் வரிசையில் நின்று வாக்களித்தேன். விரல் மை அழியுமுன்பே, மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. நாம் அப்போது தொகுதிக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தோம். இன்று படை வியூகம் பேசுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கடைசிக்கு முந்தைய வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததை எத்தனை பேர் கவனித்தீர்கள்? தாரமங்கலம் பக்கத்து ஈழ அகதி முகாமிலிருந்து வந்தவர். என் மனைவிக்கு ரவிக்கை தைத்துத் தருபவர். அவருடைய தம்பி ஆனந்தபுரத்தில் போனவன். நான்தான் அழைத்து வந்திருந்தேன். கைதட்டல் எழுந்தபோது அவர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே ஓடி வாசலில் பிடித்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவர் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "தாரமங்கலம் பஸ் எங்க நிக்கும் அண்ணா?" என்று மட்டும் கேட்டார்.