நாட்காட்டியில் நின்ற நீர்யானை

(சுவர் நாட்காட்டியின் தாளைத் திருப்பிய மாமா, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்க்கிறார்.)

மாமா: மாலதி, அச்சகத்தார் நம்மை ஏமாற்றிவிட்டார்கள். இந்த நீர்யானைக் குட்டிக்குத் தலையிலும் கால்களிலும் கறுப்பு மை பூசியவர்கள், நடு உடம்பு வந்ததும் மை தீர்ந்துபோய் வெள்ளையாகவே விட்டிருக்கிறார்கள்.

மாலதி: மையும் தீரவில்லை, அது நீர்யானையும் இல்லை, மாமா. மியான்மர், தாய்லாந்து ஆகியவற்றின் தென்பகுதியிலும் மலாய்த் தீபகற்பத்திலும் சுமாத்திராவிலும் வாழும் மலாய் டேபிர் அது. இரவில் காட்டுக்குள் படுத்திருந்தால், அந்த வெள்ளைத் திட்டு உடலின் வடிவத்தையே கலைத்து, ஏதோ பாறை கிடப்பதைப் போலக் காட்டிவிடும் என்கிறார்கள்.

மாமா: முகத்தில் குட்டித் தும்பிக்கை தொங்குகிறதே! சரி, யானைக்குத் தம்பி என்று வைத்துக்கொள்வோம்.

மாலதி: மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்டிருப்பதால் இலையை வளைத்துப் பறிக்கிறது; நீந்தும்போது அதை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி மூச்சு விடுகிறது. உறவு என்று பார்த்தால் குதிரையும் காண்டாமிருகமும்தான், ஏனெனில் மூன்றும் ஒற்றைப்படைக் குளம்பிகள்.

மாமா: (படத்தருகே குனிந்து) முன்னங்காலில் நான்கு விரல்கள் இருக்கின்றன. நான்கு எப்போது ஒற்றைப்படை ஆயிற்று?

மாலதி: பின்னங்காலில் மூன்றுதான். முன்னங்காலிலும் உடலின் பாரத்தைப் பெரிதும் தாங்குவது நடுவிரல்தான். அந்த நான்காவது சிறு விரல், சேற்றில் நடக்கும்போதுதான் தரையையே தொடும்.

மாமா: எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். மற்ற டேபிர்கள் எங்கே?

மாலதி: மூன்று இனங்கள் அமெரிக்கக் கண்டங்களில் இருக்கின்றன. தாழ்நில டேபிர் அமேசான் காடுகளிலிருந்து அர்ஜென்டினாவின் வடபகுதி வரை வாழ்கிறது. பெலீஸ் நாட்டின் தேசிய விலங்கான பேர்டு டேபிர், தெற்கு மெக்சிகோவிலிருந்து கொலம்பியாவின் வடமேற்கு வரை. மலை டேபிரோ கொலம்பியா, எக்வடோர், வட பெரு நாடுகளின் ஆண்டிஸ் மலையில் 4000 மீட்டர் உயரத்திலும் நடமாடுவதால், குளிருக்குக் கம்பளி போன்ற ரோமம் போர்த்தியிருக்கிறது.

மாமா: ஒருவன் ஆசியாவில், மூவர் கடலுக்கு அப்பால். பாகப்பிரிவினையில் ஏதோ தகராறு நடந்திருக்கிறது.

மாலதி: முன்பு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும்கூட டேபிர்கள் இருந்ததற்குப் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. இடையில் இருந்தவை அழிந்துபோக, இரண்டு ஓரங்களில் இருந்தவை மட்டும் மிஞ்சின. 2013ஆம் ஆண்டில் ஐந்தாவது இனம் ஒன்றும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது தாழ்நில டேபிர்தான் என்று பலர் மறுத்துவிட்டார்கள்.

மாமா: எது எப்படியோ, நீர்யானை என்று சொல்லி நான் ஒருவன்தான் அவமானப்பட்டேன்.

மாலதி: இல்லை மாமா. உயிரினங்களுக்குப் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயசே, 1758இல் தாழ்நில டேபிரை நீர்யானைப் பேரினத்தில்தான் சேர்த்தார். 1762இல் பிரிசோன் என்பவர் டேபிருக்குத் தனிப் பேரினம் வகுத்தார்.

மாமா: அப்படியானால் எனக்கும் நான்கு ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதுவரை இது நீர்யானைதான்.