ஏரிக்கரையில் எலும்பு கிடைத்தால் மனிதன் நீரில் உருவானான் என்று ஆகுமா?

நம் மூதாதைகள் பாதி நேரம் தண்ணீரிலேயே கிடந்தார்கள், அதனால்தான் ரோமம் உதிர்ந்தது, தோலடியில் கொழுப்பு சேர்ந்தது, இரண்டு காலில் நிமிர்ந்தார்கள் என்கிற பதிவு மீண்டும் வலம் வருகிறது. கடல் உயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டி 1960இல் சொன்ன கருத்து இது. 1972 முதல் எலைன் மார்கன் எழுதிய நூல்கள் இதை உலகமெங்கும் கொண்டு சேர்த்தன.

இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. நீரோரம் வாழ்ந்தார்களா? ஆம். அந்த நீர்தான் நம் உடலை வடித்ததா? அதற்குச் சான்று இல்லை என்பதே என் உறுதியான கருத்து.

"பழைய எலும்புகள் எல்லாம் ஏரிக்கரையில்தானே கிடைக்கின்றன?" என்று கேட்கிறார்கள். எலும்பு கல்லாக வேண்டுமானால் கழுதைப்புலி கடித்து நொறுக்கும் முன், வெயிலில் வெடித்து உதிரும் முன், வண்டல் அதை மூட வேண்டும். அது நடக்கும் இடம் ஏரியும் ஆற்றுப்படுகையும். மேட்டு நிலத்தில் செத்தவர் மண்ணோடு போனார். போதாததற்கு வெள்ளமும் எலும்புகளைப் பிரித்துப்போடும்: விலா, முள்ளெலும்பு முதலில் அடித்துச் செல்லப்படும், மண்டையும் தாடையும் கடைசிவரை தங்கும். கிடைத்தவை தாடையும் மண்டையும் மட்டுமே என்றால் முதலில் நீரோட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே பார்க்க வேண்டியது எலும்பின் மேல் உள்ள தடத்தை. கல் கத்தி கிழித்த கோடு குறுக்குவெட்டில் 'V' வடிவில் இருக்கும், உள்ளே இணையான நுண்கீறல்கள் ஓடும். முதலைப் பல் பதித்த குழியில் நடுவே ஒரு பிளவுக்கோடு இருக்கும். மணலில் விலங்குகள் மிதித்த எலும்பில் ஆழமில்லாத கீறல்கள் தாறுமாறாகக் கிடக்கும். மிதித்த கீறலை வெட்டு என்று எண்ணிவிடும் பிழை இந்தத் துறையில் பல சண்டைகளை மூட்டியிருக்கிறது.

இந்தச் சோதனைகளைத் தாண்டி நிற்கும் இடம் கென்யாவின் துர்க்கானா ஏரிப் பக்கம், கூபி ஃபோராவில் இருக்கிறது. சுமார் 19.5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆமையையும் முதலையையும் மீனையும் அறுத்துத் தின்றிருக்கிறார்கள். ஜாவாவின் திரினிலில் ஹோமோ எரக்டஸ் என்ற ஆதிமனித இனம், நன்னீர்ச் சிப்பியை மூடிப் பிடிக்கும் தசை ஒட்டியிருக்கும் இடம் பார்த்துத் துளையிட்டிருக்கிறது. தசை அறுந்தால் சிப்பி தானே வாய் திறக்கும். இஸ்ரேலின் ஹூலா ஏரிக்கரையில், 7.8 லட்சம் ஆண்டுப் பழமையான இடத்தில், கெண்டை இன மீன்களின் தொண்டைப் பற்கள் குவியலாகக் கிடைத்தன. எலும்புகள் மிகக் குறைவு. வெந்த எலும்பு இளகி மக்கிவிடும், பல் தங்கும். பல்லின் எனாமல் படிகங்களை அளந்தபோது 500 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான சூடு பட்டது தெரிந்தது. நெருப்பில் எறிந்த குப்பையாக இருந்தால் சூடு அதைவிட ஏறியிருக்கும். அதாவது மீனைச் சமைத்திருக்கிறார்கள். எனக்கு இவற்றில் மிகப் பிடித்த சான்று இதுதான்.

கரை ஆபத்தான இடமும்கூட. தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் கிடைத்த ஹோமினின் (ஆதிமனித இன) கால் எலும்புகளில் முதலைப் பல்லின் தடங்கள் இருக்கின்றன. தண்ணீர் குடிக்க வேண்டும், குடித்ததும் விலக வேண்டும்.

உடலைப் பற்றிய வாதங்களுக்கு வருவோம். நீரில் வாழ்ந்தால் ரோமம் உதிரும் என்றால் கடல் நீர்நாய்க்கு உதிர்ந்திருக்க வேண்டும்; அதற்கோ அடர்ந்த இடங்களில் ஒரு சதுர சென்டிமீட்டரில் லட்சத்துக்கும் மேல் ரோமம். யானையும் காண்டாமிருகமும் நிலத்தில் வாழ்ந்தே ரோமம் குறைந்தவை. நம் உடலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. வெயிலில் ஓடும் உடலைக் குளிர்விக்க அவை வேலை செய்ய ரோமம் தடை. குழந்தையின் கொழுப்பு கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் சேர்கிறது, மூளைக்கான எரிபொருளாக. நீர் வாழ்வுக்கு அடையாளமாக அவர்கள் காட்டும் இறங்கிய குரல்வளை, நிலத்தில் வாழும் செம்மானுக்கும் இருக்கிறது.

நிமிர்ந்த நடைக்கு தான்சானியாவின் லாயட்டோலி ஒன்றே போதும். 36.6 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடிகள் அங்கே இருக்கின்றன. ஆனால் அந்தப் படிவுகளில் மீன் இல்லை, முதலை இல்லை, நீர்யானை இல்லை. வறண்ட நிலத்தில் இரண்டு காலில் நடந்திருக்கிறார்கள்.

நீர் உண்மையிலேயே உடலை மாற்றினால் எப்படி இருக்கும் என்பதற்கு, இந்தோனேசியாவில் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக முக்குளித்து வாழும் பஜாவ் மக்களைப் பாருங்கள். மூச்சடக்கி முக்குளிக்கும்போது ஆக்சிஜன் சுமந்த ரத்த அணுக்களை வெளிவிடும் உறுப்பு மண்ணீரல். 2018இல் வந்த ஆய்வில் அவர்களின் மண்ணீரல், பக்கத்தில் வாழும் சலுவான் மக்களுடையதைவிட சுமார் 50 சதவீதம் பெரிதாக இருந்தது, முக்குளிக்காதவர்களுக்கும்கூட. அது அந்த ஒரு மக்கள்கூட்டத்தின் மாற்றம். மனித இனம் முழுவதுமே லட்சக்கணக்கான ஆண்டுகள் நீரில் கிடந்திருந்தால் அந்தப் பெரிய மண்ணீரல் சலுவான் மக்களுக்கும் இருந்திருக்கும், நமக்கும் இருந்திருக்கும்.