உச்சவரம்பு என்னும் ஓட்டைக் குடை

மின்கட்டணம் ஏறும் என்ற செய்தி வந்தால்தான் ஒழுங்குமுறை ஆணையம் என்று ஒன்று இருப்பதே பலருக்கு நினைவுக்கு வருகிறது. "விலைக்கு உச்சவரம்பு வைத்தால் போதாதா?" என்று கேட்கிறோம். போதாது என்பதே என் கட்சி.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலம் கடுங்குளிரில் உறைந்தது. அங்கே மின்சாரத்தின் மொத்த விற்பனைச் சந்தையில் மெகாவாட் மணிக்கு 9,000 டாலர், அதாவது யூனிட்டுக்கு 9 டாலர், என்று உச்சவரம்பு இருந்தது. அந்த உச்சத்திலேயே விலையை வைக்கும்படி ஆணையமே உத்தரவிட்டது! விலை ஏறினால் உற்பத்தி கூடும் என்று கணக்கு. குழாய் உறைந்து நின்றுபோன ஆலைக்கு விலையைப் பற்றி என்ன கவலை? சந்தை விலையோடு இணைந்த திட்டத்தில் சேர்ந்திருந்த வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலரில் ரசீது வந்தது.

பிரிட்டன் கதை வேறு. அங்கே ஆஃப்ஜெம் என்னும் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2019 ஜனவரியில் கொண்டுவந்த உச்சவரம்பு வீடுகளுக்கானது, நல்ல காரியம். ஆனால் போட்டி பெருகட்டும் என்று, போதிய மூலதனம் இல்லாதவர்களுக்கும் மின்சாரமும் எரிவாயுவும் விற்க உரிமம் கொடுத்திருந்தார்கள். 2021-ல் எரிவாயு விலை எகிறியதும், வாங்கும் விலை உச்சவரம்பைத் தாண்டிப்போக, ஏறத்தாழ 30 நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தன. வாடிக்கையாளர்கள் வேறு நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டார்கள். முன்கூட்டிக் கட்டிய பணமும் பறிபோகவில்லை. அந்தச் செலவு எங்கே போனது? எல்லா வீடுகளின் நிலைக்கட்டணத்திலும் ஏறி உட்கார்ந்தது. ஒரு யூனிட்கூட எரிக்காவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை அது. விளக்கை அணைத்து மிச்சம் பிடிப்பவருக்கும் தப்ப வழியில்லை.

எனக்கு ஆறாத கோபம் ப்ரீபெய்டு மீட்டர் விஷயத்தில்தான். அதே பிரிட்டனில் பாக்கி வைத்தவர் வீட்டுக்குள் நிறுவனத்தின் ஆட்கள் நீதிமன்ற ஆணையோடு நுழைந்து அதைப் பொருத்தினார்கள். பணம் தீர்ந்தால் மின்சாரம் தானாகவே நின்றுவிடும். யாரும் வந்து இணைப்பைத் துண்டிக்க வேண்டியதில்லை. இதற்குச் 'சுயத் துண்டிப்பு' என்று பெயர் வேறு! ஏதோ அவரே ஆசைப்பட்டு இருட்டில் உட்கார்ந்ததுபோல. ஒரு நாளிதழ் அம்பலப்படுத்திய பிறகுதான், 2023 பிப்ரவரியில், கட்டாயமாகப் பொருத்துவதை நிறுத்திவைக்கும்படி ஆஃப்ஜெம் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அதுவரை அந்த வீடுகளை எட்டிப் பார்க்க அதற்கு நேரமில்லை.

ஆகவே எந்த நாட்டு ஆணையமாக இருந்தாலும் நான் கேட்பது இரண்டுதான். உரிமம் கேட்டு வருபவர் ஒரு மோசமான ஆண்டைத் தாக்குப்பிடிப்பாரா என்று கணக்குப் பார்த்தீர்களா? பணம் தீர்ந்ததால் எத்தனை வீடுகள், எத்தனை மணி நேரம் இருட்டில் இருந்தன என்பதை மாதாமாதம் வெளியிடுவீர்களா?