வாடகைக் குடித்தனத்துக்குப் புறநகர் எதற்கு?

சென்னைக்கு மாற்றலாகி வருகிற குடும்பத்துக்கு உறவில் யாராவது ஒருவர் தவறாமல் சொல்லும் யோசனை இது: "சிட்டிக்குள்ள எதுக்கு அவ்வளவு வாடகை கொடுக்கறே? கூடுவாஞ்சேரி பக்கம் பாரு, மறைமலை நகர் பக்கம் பாரு. பாதி வாடகையில ரெண்டு பெட்ரூம், பால்கனி, கார் நிறுத்த இடம் எல்லாம் கிடைக்கும்." சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். பெரும்பாலும் அவர் அங்கே மனை வாங்கி வீடு கட்டியவராக இருப்பார். எனக்கு இதில்தான் மாற்றுக் கருத்து. சொந்த வீட்டுக்காரர் போடும் கணக்கு வேறு, வாடகைக்கு வருகிறவர் போட வேண்டிய கணக்கு வேறு.

ஊரப்பாக்கத்தில் இருபது வருடம் முன்னால் மனை வாங்கியவர் என்னென்ன பட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். மழை பெய்தால் முழங்கால் சேறு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வர ஆட்டோ கிடையாது. தெருவிளக்கு எரியாது. அத்தனையும் பொறுத்துக்கொண்டார், ஏனென்றால் மண் அவருடையது. 2023 டிசம்பர் கடைசியில் பக்கத்திலேயே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததில் அவர் பட்ட பாட்டுக்கு ஒரு பலன் வந்தது. அதே தெருவில் வாடகைக்கு இருப்பவரும் அதே சேற்றில்தான் நடந்தார். அவருக்கு வந்தது, அடுத்த அக்ரிமெண்டில் வாடகை உயர்வு.

ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் இப்போது இதேதான் நடக்கிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், மூன்று தடங்கள். அதில் ஒன்று மாதவரத்திலிருந்து இந்தச் சாலை வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை போகிறது. பல வருடமாகச் சாலையின் நடுவில் தடுப்பு, தூசி, திருப்பிவிடப்பட்ட வண்டிகள். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு அங்கே வாடகை கொடுப்பவர்கள், ரயில் ஓட ஆரம்பித்ததும் முதலில் கேட்கப்போவது "வாடகையைக் கூட்டணும்" என்கிற பேச்சைத்தான். ஒரு பகுதி வளரும்வரை காத்திருப்பதற்கான கூலி நிலத்துக்காரருக்குப் போகிறது. குடியிருப்பவர் ஏன் சும்மா காத்திருக்க வேண்டும்?

சரி, காசுக்கு வருவோம். நான் பார்த்தவரை, கூடுவாஞ்சேரியில் சுமார் 13,000, 14,000க்குக் கிடைக்கிற இரண்டு படுக்கையறை வீடு மாம்பலத்தில் 25,000ஐத் தாண்டும். இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். ஆனால் அந்தப் பக்கம் போனால் ஒரு வண்டி போதாது, இரண்டு வண்டி வேண்டும். பள்ளிக்கூட வேன் காசு தனி. குடிக்க கேன் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீரில் நம் பங்கு. பாதாளச் சாக்கடை வராத தெருவாக இருந்தால் கழிவுநீர்த் தொட்டி நிரம்பும்போதெல்லாம் லாரிக்காரருக்குக் கொடுப்பதிலும் குடித்தனக்காரர்களிடம் பங்கு கேட்பார்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் மிச்சம் என்று நினைத்ததில் பாதிகூட நிற்காது. அதற்கு மேல் நேரம் என்று ஒன்று இருக்கிறது, அதை எந்தக் கணக்கிலும் யாரும் சேர்ப்பதில்லை.

நான் இரண்டு இடத்திலும் குடியிருந்தவள். ஊரப்பாக்கத்தில் இருந்தேன், இப்போது சைதாப்பேட்டையில் ஒரு சின்ன மாடி வீட்டில் இருக்கிறேன். ஊரப்பாக்கத்து வீடு பெரியது, காற்று வரும், ஹவுஸ் ஓனர் அம்மா தங்கமானவர். ஆனால் அந்த வீட்டைப் பகலில் யார் அனுபவித்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. காலையில் இருட்டோடு கிளம்பி ராத்திரி வந்து படுப்பதற்கு எதற்கு அவ்வளவு பெரிய ஹால்?

தூரத்தின் பாரம் வீட்டில் எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கணவர் பைக் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மனைவி வேலைக்குப் போகிறவளாக இருந்தால், சமையலை முடித்து, பிள்ளையை வேனில் ஏற்றி, ஷேர் ஆட்டோ பிடித்து, ஸ்டேஷனுக்குப் போய், கூட்டத்தில் நின்று, கிண்டியில் இறங்கி மறுபடி பஸ் ஏற வேண்டும். "இவ்வளவு தூரம் போய்ச் சம்பாதிக்கணுமா?" என்ற கேள்வி முதலில் அவளைப் பார்த்துத்தான் வரும். புறநகருக்குக் குடிபோன கொஞ்ச நாளில் வேலையை விட்ட பெண்கள் என் பழக்கத்திலேயே இருக்கிறார்கள். வாடகையில் மிச்சப்படுத்தியது அவர்களுடைய சம்பளத்தில் போனது. அந்தக் குடும்பங்களில் யாரும் இதை இப்படிக் கணக்குப் பார்த்ததில்லை.

பஸ் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. நகரத்துக்குள் இருப்பவளுக்கு அடுத்தடுத்து பஸ் வருவதால் இது நிஜமான சலுகை. எப்போதோ ஒரு பஸ் வருகிற ஊரில் இருப்பவள் காசு கொடுத்து ஷேர் ஆட்டோவில்தான் போகிறாள்.

தூரம் என்ன செய்யும் என்பதற்குத் தெற்குக் கோடியில் இருக்கிற கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் பார்த்தால் போதும். 2000ஆம் ஆண்டு தொடங்கி, கூவம், அடையாறு கரைகளிலும் நகரத்தின் மற்ற இடங்களிலும் இருந்த குடும்பங்களைக் கொண்டுபோய் அங்கே வீடு கொடுத்தார்கள். கல் கட்டடம், கதவு, கழிப்பறை எல்லாம் இருந்தது. வேலை மட்டும் மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் இருந்தது. வீட்டு வேலைக்குப் போகிற அக்காமார்கள் விடியற்காலை பஸ் பிடித்து மறுபடி அதே தெருக்களுக்கு வந்தார்கள். முடியாதவர்கள் வேலையை இழந்தார்கள், பிள்ளைகள் படிப்பை நிறுத்தினார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்துப் போகவில்லை, அனுப்பப்பட்டார்கள். வாசல் பெரிதாவதால் பிழைப்பு பெரிதாவதில்லை என்பதை அவர்கள் இந்த ஊருக்கே பட்டுக் காட்டினார்கள். நாம் அதைக் கண்ணால் பார்த்த பிறகும் "வீடு பெரிசா இருக்கு" என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கலாமா?

நகரத்துக்குள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது நகரத்துக்குள்ளும் குடத்தோடு வரிசையில்தான் நின்றோம். ஆனால் தெருமுனைத் தொட்டிக்கு மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) லாரி வந்தது. வெளியே இருந்த பல இடங்களில் தனியார் லாரிக்காரர் சொன்னதுதான் விலை. வெள்ளமும் அப்படித்தான். 2015இல் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின, கோட்டூர்புரமும் ஜாபர்கான்பேட்டையும் மூழ்கின. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மாநகராட்சிக்குள் இருக்கிற பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் தத்தளித்தன. அதனால் எங்கே பார்த்தாலும் வீட்டைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

வீடு பார்க்கப் போனால் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் ஈ.பி. மீட்டர் பெட்டி. பழைய பெட்டி இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டையும் ஒரு சதுரத் தடமும் தெரியும், புதுப் பெட்டி தலைக்கு மேலே ஏறியிருக்கும். அப்படி இருந்தால் அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கிறது என்று அர்த்தம். ஓனர் "இந்தத் தெருவுல ஒரு சொட்டுகூட நிக்காது" என்று எவ்வளவு சொன்னாலும் அந்தத் தடம் பொய் சொல்லாது. அப்புறம் குளியலறைக் குழாயின் வாய். ஓரத்தில் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் போர் தண்ணீர் உப்பு, ஹீட்டரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் போய்விடும், தலைமுடியும் போகும். பக்கத்து வீட்டு அம்மாவிடம் "மெட்ரோ தண்ணி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேளுங்கள். நேரத்தைச் சொன்னால் தண்ணீர் வருகிறது. யோசித்தால் வருவதில்லை.

அட்வான்ஸ் விஷயம் சுருக்கமாக. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. இன்னும் பத்து மாதம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பேசிப் பாருங்கள், இறங்கி வருவார்கள். எதையும் எழுத்தில் வாங்குங்கள், காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பது உட்பட.

என் யோசனை இதுதான்: புறநகரில் இரண்டு படுக்கையறைக்குக் கொடுக்கிற வாடகையோடு கொஞ்சம் சேர்த்து, நகரத்துக்குள் ஒரு படுக்கையறை வீடு பாருங்கள். சைதாப்பேட்டை, கோடம்பாக்கம், மேற்கு மாம்பலம், வடக்கே பெரம்பூர், வில்லிவாக்கம் எல்லாம் தேடினால் கிடைக்கும். அதுவும் முடியாதா, எலெக்ட்ரிக் டிரெயின் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மட்டும் பாருங்கள். கடற்கரை – தாம்பரம் தடம் 1931இலேயே மின்சார ரயில் ஓடிய தடம். பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் அந்த ரயிலைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த ஊர்கள். தாம்பரம் வரை வண்டிக்குப் பஞ்சமில்லை, அதைத் தாண்டினால் குறைந்துவிடும். இந்த ஒரு விஷயத்துக்காகவே தாம்பரத்தை நான் எல்லையாக வைப்பேன். மேற்கே ஆவடிக்கும் இதே நியாயம்தான்.

வேலை ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இருப்பவருக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அவருக்கு மாம்பலம்தான் புறநகர். மாடி ஏற முடியாத அப்பா அம்மாவை வைத்திருப்பவர்களும் கீழ் வீடு எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் போக முடியும்.

எனக்குச் சொல்லக் கஷ்டமாக இருப்பது இன்னொன்று. நகரத்துக்குள் வீடு இருந்தும் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். "சைவம் மட்டும்" என்று போர்டிலேயே எழுதியிருக்கும். எழுதாத இடத்தில் பெயரைக் கேட்டதும் "இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்" என்பார்கள். முஸ்லிம் நண்பர்கள், தலித் நண்பர்கள், தனியாக இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர் இப்படி வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் ஊர்க்கோடியில் கேள்வி கேட்காத ஓனர் கிடைத்த இடத்தில் குடியேறியிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து "நீங்கள் ஏன் சிட்டிக்குள் பார்க்கவில்லை?" என்று யாரும் கேட்காதீர்கள். கேட்க வேண்டியது போர்டு மாட்டியவரை.

இவ்வளவும் எழுத வைத்தது என் சித்தி மகன். திருச்சியிலிருந்து கிண்டிக்கு மாற்றல், ஜூனில் வருகிறான். அவன் மனைவி நர்ஸ், ராத்திரி ஷிஃப்டும் இருக்கும். குடும்பத்தில் எல்லோரும் கூடுவாஞ்சேரியைக் காட்டுகிறார்கள். நான் சைதாப்பேட்டையிலிருந்து குரோம்பேட்டை வரை ஸ்டேஷன் பக்கமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் அவள் தனியாக நடந்து வரக்கூடிய தெருவாக இருக்க வேண்டும், ஒரு படுக்கையறை போதும், மீன் குழம்பு வைத்தால் முகம் சுளிக்காத ஓனராக இருக்க வேண்டும். உங்கள் தெருவில் அப்படி ஒரு டூலெட் போர்டு கண்ணில் பட்டால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். புரோக்கர்கள் வேண்டாம்.