சம்ப் சாவி யாரிடம் இருக்கிறது?

2025 அக்டோபரில் சென்னை நங்கநல்லூரில் எங்கள் குடியிருப்பில் ஒரு சின்னப் புரட்சி நடந்தது. ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் 'அரட்டை' என்ற செய்திச் செயலியைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். மூன்றாம் மாடி மாமா, "இனி நம் பேச்செல்லாம் இதில்தான்" என்று அறிவித்துக் குழுவும் தொடங்கிவிட்டார். 24 வீடுகளில் 17 பேர் சேர்ந்தோம். நான்கு நாட்கள் காலை வணக்கமும் தாமரைப்பூவும் அமர்க்களப்பட்டன.

ஐந்தாம் நாள் காலை ஆறரை மணிக்குத் தண்ணீர் லாரி வந்து நின்றது. செயலாளர் அந்தத் தகவலைப் போட்டது வாட்ஸ்அப்பில். மாமாவுக்குக் கோபம். "சம்ப் என்கிற நிலத்தடித் தொட்டி மூடியின் சாவி தரைத்தளப் பாட்டியிடம் இருக்கிறது, பாட்டி வாட்ஸ்அப்பில்தானே இருக்கிறார்!" என்றார் செயலாளர். அதோடு முடிந்தது புரட்சி.

அந்தச் சமயத்தில் அரட்டையில் எழுத்துச் செய்திகளுக்கு முழு மறையாக்கம், அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு, இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் குறை சொன்னார்கள். எங்கள் 17 பேரில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. வசதிகளை அடுக்கிக் காட்டினால் கூட்டம் வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கூகுளிடம் இல்லாத பணமா, ஆளா? 2011இல் தொடங்கிய கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தை 2019இல் மூடினார்கள். ட்விட்டர் போல வந்த நம் நாட்டு 'கூ' 2024இல் கடையைக் கட்டியது.

வாட்ஸ்அப் மட்டும் எப்படி ஜெயித்தது? அன்றைய எஸ்எம்எஸ்ஸை நினைத்துப் பாருங்கள். மாதம் முழுக்க இலவசப் பேக் இருக்கும். தீபாவளி, பொங்கல் அன்று மட்டும் செல்லாது. வாழ்த்துக்கு வாழ்த்து காசு பிடிப்பார்கள். பண்டிகை நாளில் கைபேசியைத் தொடவே யோசித்த காலம் அது. அந்த எரிச்சல்தான் எல்லோரையும் ஒரே நேரத்தில் கிளப்பியது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் அப்படி என்ன வலிக்கிறது? விளம்பரம் வந்தால் முணுமுணுப்போம், அவ்வளவுதான். சுதேசிப் பெருமை நல்லதுதான். ஆனால் அது நான்கு நாள் தாங்குகிறது.

1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. ஒரே ஒரு மண்டிக்காரர் மட்டும் முதலில் போய் உட்கார்ந்திருந்தால் அவருடைய கத்தரிக்காய் வாடித்தான் போயிருக்கும். சந்தையே பெயர்ந்ததால் வாங்குகிறவர்களும் பின்னால் போனார்கள். 2023இல் இன்ஸ்டாகிராம்காரர்களின் புதிய செயலியான திரெட்ஸ் ஐந்தே நாளில் 10 கோடிப் பேரைச் சேர்த்ததும் இதே கணக்குதான்; இன்ஸ்டாகிராம் கணக்கோடு அப்படியே உள்ளே வரலாம் என்று வழிவிட்டார்கள். அரட்டைக்கு அப்படி ஒரு பழைய சந்தை கையில் இல்லை.

ஒரு வழி எனக்குத் தோன்றுகிறது. 2011இல் எண்ணை மாற்றாமலே கைபேசி நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுக்க வந்தது. எந்த நிறுவனத்து எண்ணிலிருந்தும் எந்த எண்ணுக்கும் பேசலாம் என்பதால்தான் அது சாத்தியமாயிற்று. செய்திச் செயலிகளுக்கு மட்டும் ஏன் இந்தச் சுவர்? ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம், வாட்ஸ்அப் பிற செயலிகளுக்கும் கதவைத் திறக்க வேண்டும் என்கிறது. இங்கும் அப்படி ஒரு சட்டம் வந்தால் மாமா அரட்டையிலிருந்தே பாட்டிக்குச் செய்தி அனுப்பலாம். பாட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கலாம்.

அதுவரை என் கைபேசியில் அரட்டையும் இருக்கும். மாமா தினமும் தாமரைப்பூ அனுப்புகிறார், பதில் போடாவிட்டால் படிக்கட்டில் பிடித்துக் கேட்கிறார்.