ஓட்டை ஒன்றாக இருந்தால் உள்ளே ஓடுவதும் ஒன்றா?

"டைப்-சி தானேண்ணே, எல்லாம் ஒண்ணுதான். சொருகுனா வேலை செய்யும்." காரைக்குடி செக்காலை ரோட்டில் தொடங்கி தேவகோட்டை வரைக்கும் டாக்கிங் ஸ்டேஷன் (லேப்டாப்பின் ஒரே ஓட்டையில் மாட்டி மானிட்டர், மவுஸ், டிஸ்க் எல்லாவற்றையும் சேர்க்கும் பெட்டி, சுருக்கமாக டாக்) கேட்டுப் போகிறவர்களுக்குக் கிடைக்கிற பதில் இதுதான். சொருகிப் பார்த்தால் சார்ஜ் ஏறும், மானிட்டர் வராது. மானிட்டர் வந்தால் மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும். அதுவும் சரியானால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லாமே அறுந்து, "டொய்ங்" என்று சத்தம் போட்டு மறுபடி ஒட்டும். திரும்பப் போய்க் கேட்டால், "டாக் போயிருச்சுண்ணே, இதைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு, எடுத்துக்கிடுங்க" என்பார்கள். ஏன்யா, டாக் போனதை யார் பார்த்தது? பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டியைக் குப்பையில் போடச் சொல்கிறவர், இருநூறு ரூபாய் கேபிளை ஒரு தடவையாவது மாற்றிப் பார்த்தாரா? சுவரில் உள்ள பிளக்கைப் பார்த்தாரா?

டைப்-சி என்பது வாயின் வடிவத்துக்கு வைத்த பெயர். அந்த வாய்க்குள் 24 பின் இருக்கின்றன. அவற்றில் எவற்றுக்கு உயிர் கொடுப்பது என்பது லேப்டாப் செய்தவன் இஷ்டம். வெறும் 480 மெகாபிட் யூஎஸ்பி 2 ஆகவும் இருக்கலாம். 5 அல்லது 10 ஜிகாபிட் டேட்டா மட்டும் போகலாம். ஆல்ட் மோடு என்ற வழியில் படத்தையும் சேர்த்து அனுப்பலாம். 40 ஜிகாபிட் தண்டர்போல்ட்டாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் நாலும் அச்சு அசல் ஒரே ஓட்டை. பக்கத்தில் ஒரு குறி போட இவர்களுக்கு என்ன கேடு? போட்டிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி: மின்னல் அம்பு என்றால் தண்டர்போல்ட். டி-யும் பி-யும் பின்னிக்கொண்டிருந்தால் டிஸ்ப்ளேபோர்ட், படம் வரும். வெறும் யூஎஸ்பி திரிசூலக் குறி மட்டும் என்றால் படத்தை நம்பாதீர்கள். குறியே இல்லையென்றால் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை முழுசாக நெட்டில் தேடி, "டிஸ்ப்ளேபோர்ட்" (படம்), "பவர் டெலிவரி" (சார்ஜ்) என்ற இரண்டு சொல்லும் அந்த ஓட்டைக்கு நேராக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு டைப்-சி ஓட்டை உள்ள பல லேப்டாப்பில் ஒன்றில்தான் படம் வரும். அதனால் காசு செலவழிக்கும் முன் பக்கத்து ஓட்டையில் சொருகிப் பாருங்கள். ஓட்டைக்குள் பஞ்சும் தூசியும் அடைந்திருந்தால் கேபிள் முழுசாக உள்ளே போகாது. லேப்டாப்பை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள். குண்டூசி வேண்டாம்.

அடுத்தது கேபிள். இங்கேதான் ஆத்திரம் தலைக்கேறுகிறது. போனோடு வரும் டைப்-சி கேபிள் பெரும்பாலும் சார்ஜுக்கும் யூஎஸ்பி 2-க்கும் உரிய கம்பிகள் மட்டும் உள்ளது. படம் கொண்டுபோகும் அதிவேகக் கம்பிகள் அதற்குள் கிடையவே கிடையாது. அதை டாக்கில் மாட்டிவிட்டு, "மானிட்டர் வரலை, டிரைவர் போடுங்க" என்றால் எந்த டிரைவர் வந்து உள்ளே கம்பி இழுக்கும்? சார்ஜ் விஷயமும் இப்படித்தான். சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான். அதற்கு மேல் வேண்டுமானால் கேபிளின் தலைக்குள் இ-மார்க்கர் என்று ஒரு சிப் இருக்க வேண்டும்; அது "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று சொன்னால்தான் சார்ஜர் 100 வாட் விடும். நீளமும் முக்கியம். சிக்னலுக்குத் தெம்பு கொடுக்கும் சிப் இல்லாத (பாசிவ்) தண்டர்போல்ட் 3 கேபிள் 40 ஜிகாபிட்டை ஏறக்குறைய 0.8 மீட்டர் வரைதான் கொண்டுபோகும். அதற்கு மேல் நீண்டால் வேகம் பாதியாகும். "மேசை தள்ளி இருக்கு" என்று டைப்-சி எக்ஸ்டென்ஷன் வாங்கி நடுவில் சேர்க்கிறார்கள் பாருங்கள், அப்படி ஒரு பொருளுக்கு டைப்-சி விதிமுறையிலேயே இடமில்லை. டாக்கோடு பெட்டியில் வந்த கேபிளை அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டுக் கடைக் கேபிளில் ஓட்டுகிறவர்களுக்கு என்ன சொல்வது? முதலில் அதை எடுத்து மாட்டுங்கள் சாமி.

வாட் கணக்கிலும் ஏமாற்று. அடாப்டர் இல்லாத குட்டி டாக்கின் மேல் "100 வாட்" என்று பொன்னெழுத்தில் போட்டிருப்பான். அது உள்ளே வாங்கிக்கொள்ளும் அளவு. தனக்கென்று 10 முதல் 15 வாட் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் லேப்டாப்புக்கு விடும். உங்கள் 65 வாட் சார்ஜரை அதன் வழியே மாட்டினால் லேப்டாப்புக்கு 50 வாட் சொச்சம். "மெதுவான சார்ஜர்" என்று எச்சரிக்கை வரும், வேலை கூடினால் பேட்டரி இறங்கும், கூடவே ஒரு ஹார்டு டிஸ்க்கை மாட்டினால் டாக் மொத்தமாக அறுந்து ஒட்டும். கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டூடியோக்காரர்கள் இதில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்: இரண்டு எஸ்எஸ்டி, ஒரு கார்டு ரீடர், எல்லாம் ஒரு குட்டிப் பெட்டியின் தலையில். அந்த வேலைக்குத் தனி அடாப்டரோடு வரும் டாக்தான் சரி.

மானிட்டர் வருகிறது, ஆனால் மவுஸ் இழுக்கிறது என்றால் டிஸ்ப்ளே அமைப்பில் போய் எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு எத்தனை தடவை படம் புதுப்பிக்கப்படுகிறது என்று பாருங்கள். 30 என்று இருக்கும். டைப்-சி கேபிளுக்குள் அதிவேகப் பாதை நாலு. பெரிய வீட்டைப் பங்காளிகள் பிரித்துக்கொள்வது போல, யூஎஸ்பி 3 தனக்கு இரண்டு பங்கு வாங்கிக்கொண்டால் படத்துக்கு மிச்சம் இரண்டே. பழைய டிஸ்ப்ளேபோர்ட் 1.2 கணக்கில் அந்த இரண்டு பாதையில் 8.64 ஜிகாபிட்தான் போகும். 4கே படம் 60 ஹெர்ட்ஸில் ஓட ஏறக்குறைய 12.5 வேண்டும். எப்படிப் போகும்? 30-க்கு இறங்கத்தான் செய்யும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 உள்ள லேப்டாப்பும் டாக்கும் சேர்ந்தால் அதே இரண்டு பாதையில் 12.96 கிடைக்கும், தப்பித்தீர்கள். சாதாரண முழு எச்டி மானிட்டர் ஒன்றுக்கு 3.3 போதும், இரண்டு மாட்டலாம். டாக்கின் எச்டிஎம்ஐ ஓட்டை 1.4 வகை என்றால் எந்த மந்திரத்துக்கும் 4கே 30-க்கு மேல் வராது. பெட்டியில் "4கே" என்று மலை மாதிரி எழுதுகிறவன் "30 ஹெர்ட்ஸ்" என்பதை எறும்பு அளவில் எழுதுகிறான் அல்லவா, அவனை என்ன செய்யலாம்?

மேக் வைத்திருப்பவர்களுக்கு: எம்1, எம்2 சாதா சிப் உள்ள மேக்புக்கில் வெளி மானிட்டர் ஒன்றுதான். டாக்கில் இரண்டு ஓட்டை இருந்தாலும் இரண்டிலும் ஒரே படம் தெரியும், அல்லது ஒன்றில் மட்டும் வரும். அது டாக்கின் கோளாறு இல்லை.

அதை மீற விற்கப்படுவது டிஸ்ப்ளேலிங்க் வகை டாக். டிரைவர் இல்லாமல் மானிட்டர் வரவே வராது என்பது இந்த வகைக்கு மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. மேக்கில் "ஸ்கிரீன் ரெக்கார்டிங்" அனுமதியும் கொடுக்க வேண்டும். படத்தைச் சுருக்கி யூஎஸ்பி வழியே அனுப்பும் வேலையை லேப்டாப்பின் பிராசஸர் செய்வதால் அது சூடாகும். மேக்கில் காப்புரிமைப் பூட்டுப் போட்ட சினிமாத் தளங்கள் அந்த மானிட்டரில் கறுப்பாகத்தான் தெரியும். கணக்குப் பார்க்க, ஆடிட்டர் ஆபீஸ் வேலைக்கு நல்லது. வீடியோ எடிட்டிங்குக்கு வேண்டவே வேண்டாம்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்கிற உபதேசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விண்டோஸில் "ஷட் டவுன்" கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் புண்ணியத்தில் உள் அமைப்பு பாதி தூக்கத்தில்தான் போகிறது. கோளாறும் அதோடு படுத்து அதோடு எழும். "ரீஸ்டார்ட்" கொடுங்கள், அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அணைந்தபின் டாக் கேபிளை லேப்டாப்பிலிருந்து பிடுங்கி, டாக்கின் அடாப்டரையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். லேப்டாப் பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஒரு நிமிஷம் விட்டு டாக்குக்குக் கரண்ட், பிறகு ஒரே ஒரு மானிட்டர், கடைசியில் லேப்டாப். அது ஓடினால் ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் விழுகிறதோ அதுதான் வில்லன். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொருகிவிட்டுத் தலையைச் சொறிந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? படம் மட்டும் காணோம் என்றால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி எழும்பும்.

இனி நம்ம பக்கத்து வியாதிகள். வளவு (நடு முற்றம்) வைத்த வீடுகளின் சுவர்த் தடிமனுக்கு முகப்பில் வைத்த வைஃபை இரண்டாம் கட்டை எட்டாது; 5 கிகாஹெர்ட்ஸ் சுத்தமாக எட்டாது. வெள்ளைக்கருப் பூச்சுச் சுவரில் துளை போட வீட்டுப் பெரியவர்கள் விடவும் மாட்டார்கள், விடவும் கூடாது. ஆக 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறோம். யூஎஸ்பி 3 ஓட்டையும் கேபிளும் கக்குகிற இரைச்சல் சரியாக அந்த 2.4-ல்தான் போய் விழும். இன்டெல் 2012-லேயே இதை அளந்து எழுதிவிட்டது. டாக்கில் எஸ்எஸ்டி மாட்டியதும் வைஃபை படுக்கிறது, வயர்லெஸ் மவுஸ் துள்ளுகிறது என்றால் காரணம் இதுதான். மவுஸின் குட்டி டாங்கிளை டாக்கின் யூஎஸ்பி 3 ஓட்டைக்குப் பக்கத்தில் சொருகாமல், ஒரு யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் போட்டு ஒன்றரை அடியாவது தள்ளி வையுங்கள்.

சரி, லேன் கேபிள் இழுக்கலாம் என்றால், எட்டுக் கம்பியில் நாலை மட்டும் பிளக்கில் அழுத்திப் பொருத்தி (கிரிம்ப் செய்து)விட்டுப் போகிறார்கள். 1 ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நாலு இருந்தால் 100 மெகாபிட்டில் நின்றுவிடும். திட்டு வாங்குவது டாக்! ஈதர்நெட் நிலையைத் திறந்து "லிங்க் ஸ்பீடு" பாருங்கள். 100 என்று இருந்தால் கிரிம்பைப் பாருங்கள். 1000 இருந்தும் சும்மா இருக்கும்போது அறுகிறது என்றால் டிவைஸ் மேனேஜரில் அந்த லேன் சிப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் "இந்தக் கருவியை அணைக்க கணினிக்கு அனுமதி" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். திறந்த வளவைத் தாண்டித் தாமிர லேன் போட்டிருந்தால் ஐப்பசி இடிக்கு டாக்கின் லேன் சிப்தான் முதல் பலி. அந்தத் தூரத்துக்கு மட்டும் ஃபைபர் போடுங்கள், இல்லையென்றால் இடி கேட்டதும் பிடுங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே எர்த்து. மூணு பின் அடாப்டரைப் பழைய ரெண்டு பின் பிளக்கில் கன்வெர்ட்டர் வைத்துச் சொருகுவது இங்கே சர்வ சாதாரணம். அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் எர்த்து கிடைக்காமல் நூறு வோல்ட் சொச்சத்தை லேப்டாப் உடம்பில் ஏற்றி நிற்கும். கரண்ட் ரொம்பச் சொற்பம், கை சுருசுருக்கும், டெஸ்டர் மினுங்கும். ஆனால் எர்த்து உள்ள டிவியின் எச்டிஎம்ஐ-யை அந்த நிலையில் மாட்டும் கணத்தில் தெறிக்கிற பொறி போர்ட்டைத் தின்றுவிடும். மிக்ஸி, மோட்டார் போடும்போது மானிட்டர் ஒரு விநாடி கறுப்பாகிறதா? அதுவும் இந்தக் குடும்பம்தான். கேஸ் லிஃப்ட் நாற்காலியிலிருந்து எழும்போது கிளம்பும் நிலைமின்சாரத்தாலேயே திரை அணையும் என்று டிஸ்ப்ளேலிங்க் தன் உதவிக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. சிரிப்பாக இருக்கும், ஆனால் நிஜம். நல்ல கவசம் உள்ள குட்டைக் கேபிள் போட்டால் குறையும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். "எர்த்து இல்லேண்ணே, நியூட்ரலோட முறுக்கி விட்டுர்றேன்" என்று ஒருவர் சொன்னால் அவரை வாசலோடு அனுப்புங்கள். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் லேப்டாப், டாக், மானிட்டர் உடம்பு எல்லாவற்றிலும் 230 வோல்ட் ஏறி நிற்கும். உயிர் போகிற வேலை அது. எர்த்துக் குழி இருந்தும் சித்திரை வைகாசியில் கோளாறு கூடுகிறதா? செம்புறாங்கல் பூமி காய்ந்திருக்கும், குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் இடைவெளியில் லேப்டாப் பேட்டரியில் தப்பிக்கும். டாக் செத்துப் பிழைக்கும். அதில் மாட்டிய டிஸ்க் எழுதிக்கொண்டிருந்த ஃபைலோடு அறுந்து விழும். இன்வெர்ட்டரில் "யூபிஎஸ்" என்று ஒரு சுவிட்ச் இருக்கும். வாங்கிய நாளிலிருந்து "நார்மல்" பக்கமே கிடக்கும், மாட்டிவிட்டுப் போனவர் சொல்லியிருக்க மாட்டார். அதைத் தள்ளிவிட்டால் மாறும் நேரம் குறைந்து பல டாக்குகள் விழாமல் நிற்கும். டாக்குக்கு ஃபர்ம்வேர் (அதன் உள்ளே ஓடும் மென்பொருள்) ஏற்றுவதாக இருந்தால் லேப்டாப்பின் பயாஸ் முதலில், கிராபிக்ஸ், தண்டர்போல்ட் டிரைவர் அடுத்து, டாக் கடைசி. ஏறும்போது கேபிளைத் தொடக் கூடாது, கரண்ட்டும் போகக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டு வேறு நாள் வையுங்கள்.