பாராட்டுக்குள் ஒளிந்திருக்கும் அவமதிப்பு

"இந்தக் காலத்துப் பிள்ளைகளில் இப்படியும் ஒரு பிள்ளையா!" என்று வியக்கும்போது, எதிரே நிற்கும் பதின்வயதினரைப் பாராட்டுவதாக எண்ணிக்கொண்டு, அவர் வயதை ஒத்த அனைவரையும் ஒரே மூச்சில் தாழ்த்திவிடுகிறோம். பொறுப்பில்லாதவர்கள், கைபேசியே கதியென்று கிடப்பவர்கள், பெரியவர்களை மதிக்காதவர்கள் என்று முன்கூட்டியே முத்திரை குத்திவிட்டு, அதற்குள் அடங்காதவரை விதிவிலக்கு என்று ஒதுக்கிவைப்பது எனக்கு நெடுநாளாகவே வருத்தம் தருகிறது.

இந்த முத்திரை புதியதன்று. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904இலேயே பதின்பருவத்தைப் புயலும் கொந்தளிப்பும் நிறைந்ததாகச் சித்திரித்தார். கொந்தளிப்பு இல்லாமல் இல்லை. திட்டமிடலுக்கும் சுயகட்டுப்பாட்டுக்கும் துணைநிற்கும் மூளையின் முன்பகுதி, இருபது வயதைக் கடந்தும் சில ஆண்டுகள் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் பிறர் துயரம் கண்டு மனம் இளக, அந்த வளர்ச்சி முடியும்வரை யாரும் காத்திருப்பதில்லை.

எனக்குத் தெரிந்த பதினாறு வயதுப் பையன் ஒருவன், பக்கத்து வீட்டில் தனியே வசிக்கும் பாட்டிக்கு வீடியோ காலில் பேசக் கற்றுக்கொடுத்தான். சொல்லிக்கொடுத்ததை அவர் மறுநாளே மறந்துவிடுவார். இவனும் முகம் சுளிக்காமல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பான். கடைசியில், எதற்குப் பிறகு எதைத் தொட வேண்டும் என்பதை ஒரு தாளில் பெரிய பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்திலேயே படமும் வரைந்து, அவர் உட்காரும் நாற்காலிக்கு நேரே சுவரில் ஒட்டிவிட்டு வந்தான். அவருக்குப் பார்வை மங்கியிருப்பதை அவனிடம் யாரும் சொல்லவில்லை, அவனாகவே கவனித்திருக்கிறான். எந்தக் கைபேசியை வைத்து இவர்களைக் குறை சொல்கிறோமோ, அதே கைபேசிதான் இங்கே அன்புக்கு வழியானது.

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் ஆறு புள்ளி எழுத்துமுறையை 1824இல் லூயி பிரெயில் உருவாக்கியபோது அவருக்கு வயது 15. தானும் உடன் பயின்ற மாணவர்களும் பட்ட சிரமத்திலிருந்து பிறந்த உழைப்பு அது.

2013இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்றும் நினைவுக்கு வருகிறது. அதில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலர் வாரந்தோறும் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு உதவினார்கள். பத்து வாரங்களுக்குப் பின் சோதித்தபோது, இன்னும் சேவையைத் தொடங்காத மாணவர்களைவிட அவர்களுடைய கொழுப்பு அளவும் உடல் அழற்சியின் அறிகுறிகளும் குறைவாக இருந்தன. உடல்நலப் பயன் மகிழ்ச்சியானதுதான் என்றாலும், அந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது வேறொன்று: ஒரு பொறுப்பை நம்பி ஒப்படைத்தார்கள், பிள்ளைகளும் வாரந்தவறாமல் போனார்கள். நம்மில் எத்தனை பேர் வீட்டிலுள்ள பதின்வயதினரிடம் "உன் உதவி வேண்டும்" என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறோம்?

ஆகவே பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை பாராட்டும்போது "இந்தக் காலத்தில்" என்று தொடங்காமல், அந்தப் பிள்ளை செய்த காரியத்தைக் குறிப்பிட்டே பாராட்டுங்கள்; அதைச் செய்யும் எண்ணம் எப்படி வந்தது என்றும் கேளுங்கள்.